இன்னோவா 2.5 டீசல்: ஏற்றத்தில் இழுவை விழுகிறது, ஃபில்டரை வீட்டிலேயே மாற்றலாமா?

மலைப்பாதை:

வணக்கம். 2012 மாடல் இன்னோவா, 2.5 டீசல், 1,40,000 கி.மீ. ஓடிய வண்டி. டீசல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாறியது என்று சொல்ல பில் எதுவும் கையில் இல்லை.

சமதளத்தில் குறையே தெரியாது. ஆறேழு பேர் ஏறி, ஏற்காடு மாதிரி மலை ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சா ஒரு கட்டத்தில் வண்டி அப்படியே அமுங்குது. காலை எடுத்துட்டு மெதுவா மிதிச்சா மறுபடி இழுக்குது. ஒரு தடவை செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. கறுப்புப் புகை இல்லை. ஐடிலிங் சீராக இருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குச் செல்ஃப் கொஞ்சம் நீளமாக அடிக்க வேண்டியிருக்கிறது.

இது ஃபில்டர்தானா? ஃபில்டர்தான் என்றால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிட முடியுமா? ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றிப் பழக்கம் உண்டு. டீசல் லைனில் கை வைத்ததில்லை. ஏர் பிடித்துக்கொண்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

ரயில் பிரஷர்:

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஃபில்டர் அடைப்போடு பொருந்துகின்றன. ஆனால் காலை ஸ்டார்ட் விஷயம் தனி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் இருக்கும் இந்த 2கேடி எஞ்சினில் டேங்குக்குள் மின்சாரப் பம்ப் கிடையாது. எஞ்சினில் இருக்கும் ஹை பிரஷர் பம்புக்குள்ளேயே ஒரு சின்ன ஃபீட் பம்ப் இருக்கிறது. டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக டீசலை உறிஞ்சி எடுப்பது அதுதான். அதாவது ஃபில்டர் இருப்பது உறிஞ்சும் பக்கத்தில். எலிமென்ட் (ஃபில்டருக்குள் இருக்கும் வடிகட்டும் காகிதம்) அடைபட அடைபட ஃபீட் பம்ப் திணறும். ஐடிலில் எஞ்சினுக்குத் தேவைப்படும் டீசல் மிகக் கொஞ்சம் என்பதால் குறை வெளியே தெரியாது. மலையில் மூன்றாவது கியரில் முழு மிதி மிதிக்கும்போது தேவை பல மடங்கு ஏறும், அதற்கு ஈடு கொடுக்க முடியாமல் ரயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலைப் பங்கிடும் உயர் அழுத்தக் குழாயில்) அழுத்தம் விழும். கேட்ட அழுத்தத்துக்கும் கிடைத்த அழுத்தத்துக்கும் இடைவெளி அதிகமானால் எஞ்சினின் கணினியான இசியு தானாகவே பவரைக் குறைத்துவிடும். காலை எடுத்ததும் மறுபடி இழுப்பது அதனால்தான்.

புகை இல்லை என்று எழுதியது நல்ல தகவல். டர்போ ஹோஸ் கிழிந்து காற்று வெளியேறினாலும் ஏற்றத்தில் இதேபோல் அமுங்கும், ஆனால் அதில் டீசல் போதுமான அளவு வரும், காற்றுதான் குறையும், எனவே பின்னால் கறுப்பாகக் கக்கும். டீசல் பட்டினியில் கக்காது.

ஃபில்டரைக் கழற்றும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, டேங்க் மூடி. வண்டி அமுங்கும் நேரத்தில் ஓரமாக நிறுத்தி மூடியைத் திருகும்போது புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் பலமாக வந்தால், டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. அதற்கு எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் பயனில்லை. இரண்டு, இசியுவில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர். பி1229 போன்ற பிழைக் கோடு வந்து, கூடவே ஐடிலிலும் எஞ்சின் ஏறி இறங்கினால், சந்தேகம் ஹை பிரஷர் பம்புக்குள் போகும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வ் பக்கம் போகும். அதுவும் அழுக்கு டீசலால் கெடும் பொருள்தான் என்பதால், எப்படியானாலும் முதலில் ஃபில்டரை மாற்றிவிட்டுப் பார்ப்பதே முறை.

காலை ஸ்டார்ட்: வண்டி இரவு முழுவதும் நின்றபின் மட்டும் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருந்தால், எங்கேயோ காற்று புகுந்து லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குகிறது என்று பொருள். சோதிக்கச் செலவில்லை. நாளைக் காலை சாவி போடும் முன் ஃபில்டர் தலையில் இருக்கும் ஹேண்ட் பம்பை இறுகும்வரை அழுத்துங்கள். இறுகுவதற்கு நிறையத் தடவை அழுத்த வேண்டியிருந்து, அதன்பின் வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனால் காற்றுக் கசிவு உறுதி. பல நேரம் அது ஃபில்டர் கிண்ணத்தின் பழைய ரப்பர் வளையமான ஓ ரிங்காகவே இருக்கும், அதுவும் இந்த வேலையோடு சேர்ந்து மாறிவிடும்.

பட்டறைவாசி:

தம்பி, வாசல்லயே மாத்தலாம், பயப்படாதீங்க. அவசரப்படாம செஞ்சா முக்கா மணி நேர வேலை. இதுல கெட்டுப்போறது ரெண்டே விஷயத்துல: ஒண்ணு தூசி உள்ள போறது, இன்னொண்ணு ஓ ரிங் கடிபடுறது. மத்ததெல்லாம் சரி பண்ணிக்கலாம்.

சாமான் வாங்கும்போது சேசிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்க. டொயோட்டா பார்ட் நம்பர் 23390-ன்னு ஆரம்பிக்கும். உங்க வண்டியில கிண்ணத்துக்குள்ள எலிமென்ட் உட்காருற வகை, டப்பாவே கழன்டு வர்ற வகை இல்ல. பெட்டிக்குள்ள பெரிய ஓ ரிங் இருக்கான்னு கடையிலேயே திறந்து பாருங்க, இல்லாத பெட்டிய வாங்காதீங்க. பழைய ஓ ரிங்கைத் திரும்பப் போடுறது வேலையையே வீணாக்கும். அது வருஷக்கணக்கா நசுங்கி ஒரு பக்கம் தட்டையாகி இருக்கும்.

கருவி: பெல்ட் ஸ்பானர், 12 ஸ்பானர், வாயகன்ற ட்ரே, அரை லிட்டருக்கு மேல பிடிக்கிற கண்ணாடி மாதிரித் தெரியற பாட்டில், கையுறை, டார்ச். துடைக்கிறதுக்குப் பனியன் வேஸ்ட் வேணவே வேணாம், நூல் நூலா உதிரும். பழைய வேட்டித் துணியைத் துவைச்சுக் காயவச்சு எடுத்துக்குங்க.

எஞ்சின் ஆறினப்புறம்தான் தொடணும். சாவியை எடுத்துடுங்க. மொத வேலை, ஃபில்டர் தலை, கிண்ணம், பைப் சேர்ற இடம் எல்லாத்தையும் பிரஷ் போட்டு, துணியால துடைச்சு மண்ணு இல்லாம பண்றது. கழட்டினப்புறம் துடைச்சா அத்தனை மண்ணும் உள்ளதான் விழும்.

அடுத்தது கிண்ணத்துக்கு அடியில இருக்கிற தண்ணி சென்சார் ஒயர் சாக்கெட். இதை மொதல்ல பிடுங்காம கிண்ணத்தைத் திருகினா ஒயர் முறுக்கி அறுந்துடும். லாக்கை அமுக்கிட்டு சாக்கெட்டைப் பிடிச்சு இழுங்க, ஒயரைப் பிடிச்சு இழுக்காதீங்க.

கீழ ட்ரே வச்சு, அடியில இருக்கிற ட்ரெயின் திருகை ரெண்டு சுத்து தளர்த்தி, டீசலைப் பாட்டில்ல பிடிங்க. வராம நின்னா மேல ஹேண்ட் பம்பை நாலு அமுக்கு அமுக்கினா வரும். அந்தப் பாட்டிலை ஆடாம ஓரமா வச்சிடுங்க, கால் மணி நேரத்துல தண்ணி இருந்தா அடியில தனியா கோடு கட்டி நிக்கும். அதை மறுபடி டேங்க்ல ஊத்தக் கூடாது. சாக்கடையிலயும் ஊத்தாதீங்க, பக்கத்துப் பட்டறை வேஸ்ட் ஆயில் டிரம்ல சேர்த்துடுங்க.

கிண்ணத்தைத் திருகுறதுக்கு முன்னாடி, தலைக்கும் கிண்ணத்துக்கும் சேர்த்து வெள்ளை பெயின்ட் பேனாவால ஒரு கோடு போட்டு வச்சிக்குங்க. திரும்ப மாட்டும்போது எவ்வளவு இறுக்கணும்னு அந்தக் கோடு சொல்லும். கை போகலன்னா பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்தி, ஹோஸைக் கழட்டாம முழுசையும் கொஞ்சம் மேல தூக்கிக்கலாம். பெல்ட் ஸ்பானரைக் கிண்ணத்தோட மேல் விளிம்புப் பக்கம் மாட்டித் திருப்புங்க. அடியில சென்சார் பக்கம் இடுக்கி போட்டுத் திருப்புனா சென்சார் போயிடும்.

எலிமென்ட்டை எடுக்கும்போது எந்தப் பக்கம் மேல இருக்குன்னு பார்த்துக்குங்க. புதுசை அதே மாதிரி வைக்கணும். கிண்ணத்துக்குள்ள அடியில படிஞ்சிருக்கிற கசடைச் சுத்தமான டீசல் ஊத்தி அலசிக் கொட்டுங்க. பழைய ஓ ரிங் வந்துடுச்சான்னு கண்ணால பாருங்க. சில சமயம் அது தலையோட காடியிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். தெரியாம அது மேலயே புதுசையும் போட்டு இறுக்கிட்டா ரெண்டு ரிங் ஒண்ணு மேல ஒண்ணு உட்காரும், அன்னைக்கு ஸ்டார்ட் ஆகும், நாலு நாள்ல ஏர் எடுக்கும்.

புது ரிங்குல சுத்தமான டீசலைத் தடவி, காடியில முறுக்கு இல்லாம உட்கார வச்சு, கிண்ணத்தைக் கையாலயே ஏத்துங்க. மொத ரெண்டு மரை பிடிக்கிற வரைக்கும் ஸ்பானர் தொடக் கூடாது, குறுக்கு மரை ஏறிடுச்சுன்னா தலையே போச்சு. கோட்டுக்குக் கோடு சேர்ற வரை இறுக்கினா போதும். ட்ரெயின் திருகைக் கையாலதான் மூடணும். சாக்கெட்டை மாட்டுங்க.

அப்புறம் ஹேண்ட் பம்ப். மொதல்ல லொட லொடன்னு லேசா போகும், கொஞ்ச நேரத்துல கனம் ஏறும், கடைசியில கையை எதிர்த்துத் தள்ளும். அறுபது எழுபது தடவை ஆனாலும் விடாதீங்க. இறுகினப்புறம் செல்ஃப் பத்து விநாடிக்கு மேல ஒரே மூச்சா அடிக்காதீங்க. ஸ்டார்ட் ஆகலன்னா ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி பம்ப் பண்ணி, மறுபடி அடிங்க. ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் பண்ணாம அஞ்சு நிமிஷம் ஐடில்ல விடுங்க.

ரயில் பிரஷர்:

மேலே உள்ளதோடு ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும், இதில் சமாதானமே கிடையாது. பழைய டீசல் வண்டிகளில் ஏர் எடுக்க இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிப்பார்கள். மெக்கானிக்கல் பம்ப் காலத்துப் பழக்கம் அது. இந்த எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. காமன் ரயிலில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் மயிரிழை இடுக்கு வழியாகப் பீய்ச்சும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே குண்டூசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். வலிகூட உடனே இருக்காது. ஆனால் உள்ளே திசு அழுக ஆரம்பிக்கும். சில மணி நேரம் தாமதித்தாலே விரலை எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்காராமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய் “டீசல் அழுத்தத்தில் உள்ளே போய்விட்டது” என்று சொல்ல வேண்டும்.

ஃபில்டரிலிருந்து பம்ப் வரையிலான ரப்பர் ஹோஸ் பகுதி அழுத்தம் குறைந்தது. அதில் வேலை செய்யலாம். இரும்புப் பைப்புகளில் கை வைக்கத் தேவையே இல்லை. காற்று, மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைன் வழியாகத் தானே டேங்குக்குப் போய்விடும்.

ஹேண்ட் பம்பை அழுத்தாமல் செல்ஃபிலேயே ஏர் எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஹை பிரஷர் பம்புக்கு மசகு எண்ணெயே அதன் வழியாகப் போகும் டீசல்தான். வறண்டு சுற்றும் ஒவ்வொரு விநாடியும் அதற்குத் தேய்மானம். அதேபோல் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஏர் இன்டேக்கில் பெட்ரோல் நனைத்த துணி காட்டுவது, ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடிப்பது இரண்டும் வேண்டாம். உள்ளே ஸ்டார்ட்டுக்குச் சூடேற்றும் குளோ பிளக் நெருப்பாகப் பழுத்துக்கொண்டிருக்கும், அதில் பட்டால் வெடிக்கும்.

நெருப்பு பற்றி: டீசல் பெட்ரோல் மாதிரிப் பற்றாது என்ற தைரியத்தில் பீடி பிடித்துக்கொண்டே வேலை செய்பவர்களைப் பார்க்கலாம். நம் நாட்டு டீசலுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச ஃபிளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பொறியில் பற்றும் வெப்பநிலை) 35 டிகிரி செல்சியஸ். சேலம் வெயிலில் மே மாதம் வாசல் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். பவுடர் வகைத் தீயணைப்பான் இல்லையென்றால் ஒரு வாளி மணலாவது பக்கத்தில் இருக்கட்டும்.

மலைப்பாதை:

இரண்டு பேருக்கும் நன்றி. பட்டறைவாசி அண்ணே, மூன்று சந்தேகம். புது எலிமென்ட் வைக்கும்போதே கிண்ணத்தில் டீசல் நிரப்பிவிட்டால் பம்ப் அடிக்கும் வேலை குறையாதா? பம்ப் அடித்தும் இறுகவே இல்லை என்றால் என்ன செய்வது? ஸ்டார்ட் ஆகி ஓடினால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

சல்லடை:

முதல் கேள்வியில் பல பட்டறைகள் தவறு செய்வதால் நான் சொல்லிவிடுகிறேன்.

ஃபில்டரில் இரண்டு பக்கம் உண்டு. பெரும்பாலான ஃபில்டர்களில் டீசல் எலிமென்ட்டின் வெளிச்சுற்றிலிருந்து காகித மடிப்பு வழியாக உள்ளே புகுந்து நடு ஓட்டை வழியாக பம்புக்குப் போகிறது. வெளிப்பக்கம் அழுக்குப் பக்கம், நடு ஓட்டை சுத்தப் பக்கம். கேனில் இருந்து டீசலை நடு ஓட்டையில் ஊற்றினால் அது எந்தக் காகிதத்தையும் கடக்காமல் நேராக இன்ஜெக்டருக்குப் போகும். இன்ஜெக்டருக்குள் நகரும் பாகங்களின் இடைவெளி ஓரிரண்டு மைக்ரான் அளவுதான். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் சுமாருக்கு வரும். கேன் வாயில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசி அங்கே பாறை.

ஆகவே கிண்ண வகையில் வெளிச்சுற்றில் பாதி அளவு ஊற்றி ஏற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் ஏற்றும்போது சிந்தி ஓ ரிங் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க விடாது. டப்பாவே கழன்று வரும் ஸ்பின்-ஆன் வகையில், நடு ஓட்டையைச் சுத்தமான மூடியால் அடைத்துவிட்டு, சுற்றியுள்ள சின்னத் துளைகள் வழியாக மட்டும் ஊற்றலாம். ஹேண்ட் பம்ப் இருக்கும் வண்டியில் இரண்டும் அவசியமில்லை என்பது என் கருத்து. முப்பது அமுக்கு மிச்சம் பிடிப்பதற்கு இன்ஜெக்டரைப் பணயம் வைப்பானேன்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று: பழைய எலிமென்ட்டை கம்ப்ரசர் காற்றில் ஊதித் திரும்பப் போடுவது. ஏர் ஃபில்டரிலேயே அது அரைகுறை வேலை. டீசல் காகிதத்தில் காற்று அடித்தால் மடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். கிழிந்த ஃபில்டரில் அடைப்பு வராது, இழுவையும் நன்றாக இருக்கும், அதனால் எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள்.

பட்டறைவாசி:

சல்லடை சார் சொல்றதுல பாதிக்கு ஒத்துக்கறேன். வெளிச்சுற்றுல கொஞ்சம் ஊத்திக்கிறதுல தப்பில்ல, ஹேண்ட் பம்ப் டயாபிரம் பழசான வண்டியில அது இல்லாம முடியவே முடியாது. புதுசா செய்யறவரு ஊத்தாமலே செய்யட்டும், அது சரி.

பம்ப் இறுகலன்னா இந்த வரிசையில பாருங்க. டேங்க்ல டீசல் இருக்கா? கால் டேங்காவது வச்சிக்கிட்டு வேலையை ஆரம்பிங்க. இருக்குன்னா, பம்ப் அடிச்சுக்கிட்டே கிண்ணம் தலையோட சேர்ற இடத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. ஹேண்ட் பம்ப் அமுக்கும்போது உள்ள அழுத்தம் ஏறும், அதனால ஓ ரிங் கடிபட்டிருந்தா அங்க டீசல் கசியறது தெரியும். எஞ்சின் ஓடும்போது பார்த்தா தெரியாது, அப்ப உறிஞ்சற பக்கம், டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். இதைப் புரிஞ்சிக்காம “கசியல, எல்லாம் சரி”ன்னு வண்டியைக் குடுத்துடறவங்க நிறைய.

அங்க கசிவில்லன்னா டேங்க்ல இருந்து ஃபில்டருக்கு வர்ற ஹோஸ். கிளிப்புக்கு அடியில ரப்பர் வெடிச்சிருக்கும், இல்ல கழட்டி மாட்டும்போது கிளிப் பழைய தடத்துல உட்காராம தள்ளி உட்கார்ந்திருக்கும். அதுவும் இல்லன்னா ஹேண்ட் பம்பே போச்சு. அமுக்கினா எழும்பி வரல, இல்ல எழும்புது ஆனா ஒண்ணும் இழுக்கலன்னா உள்ள வால்வு போயிருக்கும், தலையோட சேர்த்துத்தான் மாத்தணும்.

ரயில் பிரஷர்:

மூன்றாவது கேள்வி: ஸ்டார்ட் ஆகி ஓடுவது பாதிச் சான்றுதான்.

கிண்ணத்தைச் சுத்தமாகத் துடைத்துக் காயவைத்து, சேரும் இடத்தைச் சுற்றி ஒரு டிஷ்யூ பேப்பரைப் பட்டை மாதிரிச் சுற்றி, மறுபடி ஹேண்ட் பம்பை இறுக அழுத்தி, பத்து நிமிடம் விடுங்கள். துளி ஈரம் இருந்தாலும் டிஷ்யூவில் வட்டமாகத் தெரியும். பார்த்ததும் எடுத்துவிடுங்கள், சூடான எஞ்சினில் விட்டுவிட வேண்டாம்.

இன்னும் உறுதியாக வேண்டுமென்றால், ஃபில்டரில் இருந்து பம்புக்குப் போகும் ஹோஸின் இடத்தில் அதே உள்விட்டமுள்ள, டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு அடி தற்காலிகமாகப் போட்டு ஓடவிடுங்கள். தொடக்கத்தில் குமிழி வரும், அது சகஜம். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் பொடிக்குமிழி தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ காற்று புகுகிறது. அந்த ஹோஸை அப்படியே நிரந்தரமாக விடக் கூடாது, சூட்டில் இறுகி வெடிக்கும்.

மறுநாள் காலை முதல் ஸ்டார்ட் எப்படி என்று பாருங்கள். அதுதான் உண்மையான தேர்வு. அதற்குப் பின் ஆளேற்றாமல் சின்ன மேம்பாலத்தில் முழு மிதி கொடுத்துப் பார்த்துவிட்டு, மலைக்குப் பிறகு போகலாம்.

சிந்திய டீசலை அன்றே கழுவிவிடுங்கள். ரேடியேட்டர் ஹோஸ், எஞ்சின் மவுன்ட் ரப்பர் எல்லாம் டீசல் பட்டால் ஊறி மெத்தென்று ஆகும். ஆல்டர்னேட்டர் மேல் விழ வாய்ப்பிருந்தால் தொடங்கும் முன்பே அதன் மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுங்கள், முடித்ததும் மறக்காமல் எடுங்கள்.

வேகன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதே முறையில் பெட்ரோல் காரிலும் செய்யலாமா? மாருதி, கே சீரிஸ் எஞ்சின்.

சல்லடை:

செய்யாதீர்கள், அது வேறு உலகம். பழைய கார்புரேட்டர் மாருதி 800 என்றால் ஹோஸ் நடுவே ஒரு சின்ன ஃபில்டர், இரண்டு கிளிப், அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டினால் முடிந்தது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் ஃபில்டர் டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கிறது. சிலவற்றில் பின் சீட்டைத் தூக்கினால் மூடி தெரியும், சிலவற்றில் டேங்கையே கீழே இறக்க வேண்டும். லைனில் எஞ்சினை நிறுத்திய பிறகும் 3 பார் அளவுக்கு அழுத்தம் தேங்கி நிற்கும். ஃபியூஸைப் பிடுங்கி எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, அப்புறம்தான் தொடவே வேண்டும். பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடியது. மூடிய கார் ஷெட்டில் திறந்த பெட்ரோல் டேங்க் வீட்டு வேலை அல்ல.

மலைப்பாதை:

கழற்றியாச்சு. பாட்டில் அடியில் ஒரு விரல் கடை உயரம் தண்ணீர் நிற்கிறது. எலிமென்ட் கன்னங்கரேல் என்று இருக்கிறது. இது பங்க் டீசலின் குறையா?

சல்லடை:

கறுப்பு மட்டும் என்றால் கவலை வேண்டாம். டீசல் ரயிலுக்குப் போய்ச் சூடாகி ரிட்டர்னில் திரும்பித் திரும்பி வரும்போது தார் மாதிரி நுண்பொடி உண்டாகிக் காகிதத்தில் படிவது இயல்பு. மடிப்பைக் கத்தியால் வெட்டி விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். செம்பழுப்பாகப் பொடி இருந்தால் டேங்கிலோ பைப்பிலோ துரு. பாசி போல வழவழவென்று சளி இருந்தால் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் வளரும் நுண்ணுயிர். அப்படியென்றால் டேங்கைக் கழற்றிக் கழுவாமல் தீராது, இல்லையென்றால் புது ஃபில்டர் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே அடைக்கும். வெள்ளி மாதிரிப் பளபளக்கும் பொடி இருந்தால்தான் மோசம். ஃபில்டர் பம்புக்கு முன்னால் இருப்பதால் அங்கே உலோகம் எப்படி வந்தது என்று கேட்கலாம். பம்ப் தேய்ந்து, ரிட்டர்ன் வழியாக டேங்குக்குப் போய், சுற்றி வந்திருக்கிறது.

தண்ணீருக்குப் பங்கை மட்டும் சொல்ல முடியாது. நம் தர விதிப்படி பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிக்கேற்ற) டீசலில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது, அது கரைந்திருக்கும், அடியில் தேங்காது. தேங்கும் தண்ணீர் பங்கின் நிலத்தடி டேங்கில் மழைநீர் இறங்கியதாலும் வரலாம், உங்கள் டேங்க் மூடியின் ரப்பர் போனதாலும் வரலாம், பாதி டேங்கோடு வாரக்கணக்கில் மழைக்காலத்தில் நிறுத்தி வைத்தாலும் உள்ளே வியர்த்து இறங்கும். பங்கில் சந்தேகம் இருந்தால் அடர்த்தி காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 15 டிகிரிக்குக் கணக்கிட்ட அடர்த்தி, அவர்கள் பதிவேட்டில் உள்ளதிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகியிருந்தால் கேள்வி கேட்கலாம்.

நான் கவனிப்பது வேறு ஒன்றை. அவ்வளவு தண்ணீர் நின்றும் டேஷ்போர்டில் ஃபில்டர் விளக்கு எரியவில்லையா? சாவியை ஆன் செய்யும்போது மற்ற விளக்குகளோடு அதுவும் எரிந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் செய்யும்போதே எரியவில்லையென்றால் பல்போ ஒயரோ போயிருக்கிறது. எரிந்து அணைகிறது, ஆனாலும் தண்ணீரைக் காட்டவில்லையென்றால் சென்சாரின் மிதவை கசடில் ஒட்டிக்கொண்டிருக்கும். கிண்ணம் வெளியே இருக்கும்போதே மிதவையைக் குச்சியால் மெல்ல மேலே தள்ளிப் பாருங்கள், தடங்கலின்றி ஏறி இறங்க வேண்டும். சாக்கெட்டை மாட்டிச் சாவியை ஆனில் வைத்து, மிதவையை மேலேயே பிடித்திருந்தால் விளக்கு எரிய வேண்டும்.

பட்டறைவாசி:

அந்த அளவு தண்ணி வந்திருக்குன்னா இந்த எலிமென்ட்டோட விட்டுடாதீங்க தம்பி. டேங்க் அடியில இன்னும் நிக்கும். 500 கிலோமீட்டர் ஓடினதும் கிண்ணத்தைக் கழட்டாம ட்ரெயின் திருகை மட்டும் தளர்த்திப் பாட்டில்ல கால் டம்ளர் பிடிச்சுப் பாருங்க. தண்ணி வந்தா டேங்க்கை இறக்கிக் கழுவுங்க. வரலன்னா மழைக்காலத்துல மாசத்துக்கு ஒரு தடவை அதே மாதிரி பிடிச்சுப் பார்த்தா போதும். ட்ரெயின் பண்ணின ஒவ்வொரு தடவையும் ஹேண்ட் பம்பை இறுக்கிட்டு அப்புறம் செல்ஃப் அடிங்க. எலிமென்ட்டை எப்ப மாத்தணும்னு சர்வீஸ் புத்தகம் சொல்ற கணக்கு நல்ல டீசலுக்கு. உங்களுக்கு வந்திருக்கிற டீசலுக்கு அடுத்ததை 10,000-லயே மாத்திடுங்க.